அயர்லாந்தின் பெரிய வீடு



கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் ஆளுநர் மாளிகையின் நீண்ட வேலியோரமாகப் பலமுறை நடந்திருப்பீர்கள். ராஜபவனம் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அம்மாளிகையின் அமைப்பைச் சற்றே நினைவுகூர வேண்டுகிறோம். நடுவே ஒரு பெருங்கட்டடம். அதன் மூலைகளினின்று வில்லைப் போல் வளைந்து செல்லும் நடைவழிகள். ஒவ்வொரு நடைவழியின் முடிவிலும் ஒரு சிறு கட்டடம். 1799 முதல் 1803 வரை இதனைக் கட்டுவித்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லி பிரபு. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மாவட்டத்திலுள்ள கெடில்ஸ்டன் மாளிகையே இதற்கு முன்மாதிரி என்பர். ஆனால் வெல்லெஸ்லி பிறந்தது இங்கிலாந்தில் அன்று, அயர்லாந்தில். 1760-இல் அவர் பிறந்தபொழுது, வளைந்த தூண் வரிசைகளைக் கைகளாக நீட்டி நிற்கும் இத்தகைய மாளிகை அந்நாட்டில் எழத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வகையில் முதலாவதும் பெரியதுமான மாளிகையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

அதன் பெயர் காசில்டவுன். டப்ளின் நகருக்கு மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், கில்டேர் மாவட்டத்தில், லிஃபி ஆற்றங்கரையில் செல்பிரிட்ஜ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் கடைத்தெரு முடிகின்ற இடத்தில் ஒரு வாயில். வாயிலினுள்ளே இருபுறமும் மரங்கள் அணிவகுத்த சாலை. அச்சாலையில் ஆறமர நடந்தால், திடீரென மரங்கள் விலகி மாளிகை எதிரே தோன்றும். நாம் அதனை நேரிற் கண்டவர்கள் அல்லோம். வரைபடங்களிலும் நிழற்படங்களிலும் நூல்களிலுமே கண்டோம். எனினும் மொழிபெயர்ப்பை உத்தியோகமாகக் கொண்டவர்களுக்கு, காணாத இடங்களை எழுத்தின் வழியே நடந்து பார்ப்பது பழகிப்போன ஒன்று.

அயர்லாந்து மக்கள் இத்தகைய மாளிகைகளை அரண்மனை என்றோ கோட்டை என்றோ சொல்வதில்லை. 'பெரிய வீடு' என்பார்கள். அச்சொற்றொடரைத் தமிழாக்க நாம் சிறிதும் உழைக்க வேண்டியதில்லை. நம் ஊர்களிலும் நிலக்கிழாரின் இல்லத்துக்குப் பெரிய வீடு என்றே பெயர். அச்சொல்லில் மரியாதை உண்டு, அச்சம் உண்டு, கொஞ்சம் கசப்பும் உண்டு. மூன்றும் அயர்லாந்துச் சொல்லிலும் அப்படியே இருக்கின்றன. மாளிகையைச் சூழ்ந்து, குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடாமல் உரிமையாளர் தம் கையிலேயே வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு ஆங்கிலத்தில் தனியே ஒரு சட்டச் சொல் உண்டு. பண்ணை என்று நாம் சொன்னால் பெரும்பாலும் பொருந்திவிடும். அந்தப் பண்ணையையும் சேர்த்துப் பார்த்தால்தான் காசில்டவுன் முழுமையாகக் கண்ணிற்படும். கட்டடத்தை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

முதலில், இதனைக் கட்டியவர் யார் என்பதைச் சொல்லிவிடுவோம். வில்லியம் கானலி 1662-இல் பிறந்தவர். வடமேற்கே டானகால் மாவட்டத்தில் சத்திரம் நடத்தியவரின் மகன். கத்தோலிக்க மரபில் வந்து புராட்டஸ்டண்டுச் சமயத்துக்கு மாறிய குடும்பம் என்பர். கானலி சட்டம் பயின்று வழக்குரைஞரானார். 1690-இல் பாயின் ஆற்றங்கரைப் போரில் மூன்றாம் வில்லியம் மன்னர் வெற்றி பெற்றார். தோற்ற இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் பக்கம் நின்ற கத்தோலிக்க நிலக்கிழார்களின் நிலங்கள் பறிமுதலாயின. அப்பறிமுதல் நிலங்களை வாங்கியும் விற்றும் கானலி பெருஞ்செல்வம் ஈட்டினார். அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் கையிலிருந்த நிலம் 1641-இல் நூற்றுக்கு 59 பங்கு. 1703-இல் 14 பங்கு. 1704-இல் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதையே சட்டம் தடுத்தது. 1728-இல் அவர்களுடைய வாக்குரிமையும் போயிற்று. இந்த எண்களை மனத்தில் இருத்திக்கொண்டுதான் மாளிகையின் வாயிலை அணுக வேண்டும்.

கானலி 1715-இல் அயர்லாந்து மக்களவையின் சபாநாயகரானார். பிரபுப் பட்டம் எதுவும் பெறாமலே அந்நாட்டின் பெருஞ்செல்வர் என்று பெயரெடுத்தார். லண்டன் மாநகரத்தையே நோக்கிக் கிடந்த பெருமக்கள் நடுவே, தம் செல்வத்தை அயர்லாந்து மண்ணிலேயே கல்லாக நிறுத்த வேண்டும் என்று அவர் எண்ணினார் போலும். 1722-இல் காசில்டவுனின் வேலை தொடங்கியது. தத்துவ அறிஞர் ஜார்ஜ் பார்க்ளி அவ்வாண்டில் எழுதிய கடிதங்களில் இக்கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறார். ஒரு தனிமனிதரின் வீடு என்பதைக் கடந்து நாட்டுக்கே பெருமை தருவது என்ற எண்ணம் அறிஞரிடையே அப்பொழுதே நிலவியது.

முகப்பின் வடிவத்தை வகுத்தவர் அலெஸாண்ட்ரோ கலிலேயி என்னும் பிளாரென்ஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர். தொலைநோக்கியால் வானத்தை ஆராய்ந்த கலிலேயோவோடு நேயர்கள் இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இவர் 1718-இல் அயர்லாந்துக்கு வந்தார்; அதிக நாள் தங்கவில்லை; அடுத்த ஆண்டே தாயகம் திரும்பினார். பின்னாளில் ரோமாபுரியில் லேட்டரன் பேராலயத்தின் முகப்பை அமைத்துப் புகழ் பெற்றவர் இவரே. காசில்டவுனின் கட்டுமான வேலை தொடங்கியபொழுது அவர் அங்கே இல்லை. அவர் விட்டுச்சென்ற கருத்து மட்டும் இருந்தது.

அக்கருத்து யாது? இத்தாலிய நகரங்களில் தெருவோரமாக நிமிர்ந்து நிற்கும் மாளிகை ஒன்றைப் பெயர்த்தெடுத்து அயர்லாந்தின் பசும்புல் வெளியில் வைத்தாற்போல் இருக்கிறது காசில்டவுனின் நடுக்கட்டடம். வெளிறிய சுண்ணாம்புக்கல்லால் ஆனது. நிலவறைக்கு மேல் மூன்று அடுக்குகள். குறுக்கே 13 சாளரங்கள். முகப்பில் பெரிய தூண்கள் இல்லை. கோபுரமோ குவிமாடமோ இல்லை. நடு அடுக்கின் சாளரங்களுக்கு மேல் முக்கோணமும் வில்வளைவும் மாறிமாறி வருகின்றன. அவ்வளவுதான் அலங்காரம். ஒரே அளவான சாளரங்கள் சலிப்பின்றி வரிசையாகச் செல்வதே அதன் அழகு. இத்தகைய அடக்கம் பணம் குறைந்ததால் வந்தது அன்று. பணம் மிகுந்தவர் காட்டும் அடக்கம் இது. அதிலும் ஒரு பெருமிதம் உண்டு.

நடுக்கட்டடத்தின் இருபுறமும் வளைந்து செல்லும் தூண் வரிசைகள் மற்றொரு வழியில் வந்தவை. பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் ஆந்திரேயா பல்லாடியோ என்னும் கலைஞர் நிலக்கிழார்களுக்கு வீடுகள் கட்டினார். அவை வேளாண்மை செய்வோரின் வீடுகள். தானியக் கொட்டில், மாட்டுத் தொழுவம், வண்டிக் கொட்டகை ஆகியவை வேண்டும். அவை வீட்டோடு ஒட்டியும் இருக்க வேண்டும், வீட்டின் அழகைக் கெடுக்கவும் கூடாது. பல்லாடியோ அவற்றை வீட்டின் இரு கைகளாக ஆக்கி, தூண் வரிசையால் இணைத்தார். மழையில் நனையாமல் எசமானர் தம் தானியத்தைப் போய்ப் பார்த்து வரலாம். தேவையிலிருந்து பிறந்த இவ்வமைப்பு, நாளடைவில் நாடுகள் கடந்து பெருமையின் அடையாளமாயிற்று. கொல்கத்தா வரை வந்து சேர்ந்தது இவ்வமைப்பே.

இதனைக் காசில்டவுனில் நிறைவேற்றியவர் எட்வர்டு லவெட் பியர்ஸ் என்னும் இளைஞர். 1699-இல் பிறந்தவர்; இத்தாலியில் பயணம் செய்து பல்லாடியோவின் வீடுகளை நேரில் ஆராய்ந்தவர்; பல்லாடியோவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அதன் ஓரங்களில் தம் குறிப்புகளை எழுதிக்கொண்டே போனவர். நூலும் நேரிற் கண்டதும் ஒத்துப்போகாத இடங்களைக் குறித்துவைக்கும் இப்பழக்கம், மூலத்தையும் பெயர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நம் போன்றோருக்கு மிகவும் பிடித்த ஒன்று. தாயகம் திரும்பிய பியர்ஸ் காசில்டவுனின் சிறகுக் கட்டடங்களையும் நுழைவுக் கூடத்தையும் வகுத்தார். மேற்குச் சிறகில் சமையற்கட்டு. கிழக்குச் சிறகில் குதிரை லாயம். புகையும் மணமும் தீயின் அபாயமும் எசமானரை அணுகா. ஆனால் ஆக்கிய உணவை அத்தனை தூரமும் ஏவலர் சுமந்து வர வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரு சிறகுகளும் ஒன்றுபோலவே காட்சி தருகின்றன. எதில் குதிரை, எதில் அடுப்பு என்று முகப்பு சொல்வதில்லை.

நுழைவுக் கூடம் இரண்டு மாடி உயரம் உடையது. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள் பதித்திருக்கின்றன. பின்புறம் தூண்கள்; அவற்றின் மேலே உள்மாடம். நண்பகல் வெளிச்சம் அந்தச் சதுரங்களின்மேல் விழுந்து கிடக்கும் நிழற்படங்களைப் பார்க்கும்பொழுது, வருகிறவன் தன் காலடியோசையைக் கேட்டுத் தானே தயங்க வேண்டும் என்று எண்ணித்தான் இதை வகுத்தார்களோ என்று தோன்றுகிறது. பியர்ஸ் இதே காலத்தில் டப்ளினில் பாராளுமன்றக் கட்டடத்தையும் வகுத்துக்கொண்டிருந்தார். ஈரவைப் பாராளுமன்றத்துக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட கட்டடம் அதுவே என்பர். 1729-இன் தொடக்கத்தில் அதற்குக் கால்கோள் நடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கானலி மறைந்தார். தம் சபை புதுமனை புகுவதை அவர் காணவில்லை. பியர்ஸும் 1733-இல், முப்பத்து நான்கு வயதிலேயே மறைந்தார். கானலியின் இறுதி ஊர்வலத்தில் சென்றோர் அயர்லாந்து லினன் துணியை மேலாடையாக அணிந்தார்கள். உள்நாட்டு நெசவை ஊக்குவிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. கதரை அறிந்த நமக்கு அதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கானலிக்கு மக்கள் இல்லை. அவர் மனைவி கேதரின் அம்மையார் கைம்பெண்ணாக 1752 வரை அங்கே வாழ்ந்தார். மாளிகையின் உட்புறம் இன்னும் முற்றுப்பெறாத நிலை. ஆனால் அம்மையாரின் பெயர் நிலைத்திருப்பது மாளிகைக்கு வெளியே அவர் எழுப்பிய இரண்டு கட்டடங்களால்தான்.

1739-ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பா முழுவதும் கொடிய உறைபனி கண்டது. அயர்லாந்தில் ஏழைகளின் உணவாகிய உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே உறைந்து அழுகியது. அடுத்த ஆண்டு மழையும் பொய்த்தது. 1740, 1741 ஆகிய இரண்டாண்டுப் பஞ்சத்தில், ஏறத்தாழ இருபத்து நான்கு லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் மூன்று லட்சத்துக்குக் குறையாதவர்கள் மாண்டனர் என்பது வரலாற்றறிஞர் கணக்கு. அயர்லாந்து மொழியில் அதற்குப் 'படுகொலை ஆண்டு' என்று பெயர். நூறாண்டு கழித்து வந்த பெரும்பஞ்சத்தை உலகம் அறியும். இதனை அறிந்தவர் சிலரே.

அப்பொழுதுதான் கேதரின் அம்மையார், மாளிகையின் பின்புறத்தே ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவில் 140 அடி உயரமுள்ள ஒரு கற்றூபியை எழுப்பினார். வளைவுகளின்மேல் வளைவுகளை அடுக்கி, அவற்றின் உச்சியில் ஒரு கூர்ங்கம்பம். வடிவத்தை வகுத்தவர் ரிச்சர்டு காசில் என்னும் ஜெர்மானியக் கலைஞர் எனக் கருதுகின்றனர். அதனுள் யாரும் வசிக்கவில்லை. தெய்வம் எதுவும் இல்லை. பயன் என்று ஒன்றும் இல்லை. வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுப்பதற்காகவே அதனைக் கட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இத்தகைய பயனற்ற கட்டடத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'ஃபாலி' என்பது. அகராதியில் பார்த்தால் மடமை என்றிருக்கும். 'கானலியின் மடமை' என்று பெயர்த்தால் வசையாகிவிடும்; 'கானலியின் தூபி' என்றால் அதிலுள்ள நகைப்புப் போய்விடும். பல நாள் யோசித்தும் நமக்கு நல்ல சொல் கிட்டவில்லை. நேயர்களில் எவருக்கேனும் தோன்றினால் மகிழ்வோம்.

அம்மையாரின் தங்கையாருக்கு இச்செலவு பிடிக்கவில்லை. முந்நூறு நானூறு பவுன் ஆகுமே, அதற்கு மேலும் ஆகுமே என்று கவலைப்பட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அக்கடிதத்திலிருந்து வேறொன்றும் தெரியவருகிறது. மாளிகையின் பின்புறத்துச் சாளரங்களிலிருந்து நோக்கினால் கண் சென்று முடிய ஓர் இடம் வேண்டும் என்பதும் தூபியின் நோக்கம். ஆகவே, அறம் ஒரு பாதி, காட்சி ஒரு பாதி. பசித்தவனுக்குக் கூலி, பசியறியாதவர் கண்ணுக்கு ஒரு முடிவிடம். இரண்டையும் பிரித்துப் பார்க்க நம்மால் இயலவில்லை. வேடிக்கை யாதெனில், தூபி நின்ற நிலம் கானலி குடும்பத்துக்குச் சொந்தமானது அன்று. அண்டையிலிருந்த கார்ட்டன் பண்ணையைச் சேர்ந்தது.

1743-இல் மறுபக்கத்தில், லீக்ஸ்லிப் ஊரருகே, அம்மையார் ஒரு தானியக் களஞ்சியம் கட்டுவித்தார். 'வியத்தகு களஞ்சியம்' என்றே இன்றும் அதற்குப் பெயர். அடியில் அகன்று மேலே குறுகிச் செல்லும் கூம்பு. உயரம் 73 அடி. வெளிச்சுவரைச் சுற்றிச்சுற்றி ஏறும் 94 படிகள். நம் வீட்டுக் குதிரை மாபெரும் அளவில் வனைந்து, அதன்மேல் பாம்பு சுற்றியதுபோல் படிக்கட்டு வைத்தால் எப்படியோ அப்படி. பாட்னாவில் வாழும் நேயர்கள் இதைக் கேட்டதும் கோல்கரை நினைப்பார்கள். 1770-இல் வங்காளத்தையும் பீகாரையும் அழித்த பஞ்சத்துக்குப் பின், கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் ஜான் கார்ஸ்டின் 1786-இல் கட்டி முடித்த களஞ்சியம் அது. வெளிப்புறத்தே 145 படிகள். லட்சுமணபுரி நேயர்களோ, 1784-இல் ஆசஃப் உத்தவுலா பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பெரிய இமாம்பாராவை நினைப்பார்கள். இவை ஒன்றையொன்று பார்த்துச் செய்தவை என்று நாம் சொல்ல வரவில்லை. பஞ்சம் வந்தபொழுது அக்காலத்துப் பெரிய வீடுகள் செய்யத் தெரிந்துவைத்திருந்தது கட்டுவது ஒன்றே.

மாளிகையின் உள்ளே உயிர் வந்தது அடுத்த தலைமுறையில். சபாநாயகரின் தம்பி மகனுடைய மகன் டாம் கானலி, 1758-இல் லூயிசா லென்னக்ஸ் என்னும் சிறுமியை மணந்தார். மணமகளுக்கு வயது பதினைந்து. வந்த கையோடு வீட்டைச் சீர்செய்யத் தொடங்கிய அப்பெண், அதன்பின் அறுபதாண்டுகளுக்கு மேல் அதிலேயே ஆழ்ந்திருந்தார்.

முதலில் படிக்கட்டு. சைமன் வீர்பில் என்னும் கலைஞர் போர்ட்லண்டுக் கல்லால் அமைத்த இப்படிக்கட்டு அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றும். கீழே தாங்குவதற்குத் தூணோ உத்தரமோ இல்லை. ஒவ்வொரு படியின் ஒரு முனை மட்டும் சுவரினுள் செருகப்பட்டிருக்கிறது. மறுமுனை வெற்றிடத்தில் நீண்டு நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு படியும் தனக்குக் கீழேயுள்ள படியின் விளிம்பில் சற்றே அமர்ந்திருக்கிறது. மேற்படி முறுகிக் கவிழாமல் சுவர் பிடித்துக்கொள்கிறது. அதன் பாரத்தைக் கீழ்ப்படி ஏற்கிறது. இவ்வாறு பாரம் படிப்படியாக இறங்கித் தரையைச் சேர்ந்துவிடும். அடிப்படி நகர்ந்தால் அனைத்தும் நகரும். பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளில் டப்ளினைச் சேர்ந்த கிங் என்னும் தொழிலாளி தம் பெயரையும் 1760 என்ற ஆண்டையும் பொறித்து வைத்திருக்கிறார். அத்தனை பெரிய மாளிகையில் கைவேலை செய்தவர் தம் பெயரை இவ்வாறு விட்டுச்சென்றது நமக்கு மிகுந்த நிறைவளிக்கிறது. படிக்கட்டைச் சூழ்ந்த சுவர்களில் பிலிப்போ லஃப்ரான்சினி செய்த சுதை வேலை. பூமாலைகளும் சிறகுகளும் முகங்களும் வெண்ணுரைபோல் சுவரெங்கும் பொங்கி நிற்கின்றன.

சித்திரத்தாள் அறை என்று ஒன்று உண்டு. லூயிசாவும் அவர் தங்கை சாராவும் அக்காலத்து அச்சுச் சித்திரங்களைத் தேடிச் சேர்த்து, கத்தரித்து, தாளால் ஆன சட்டங்களும் மாலைகளும் சேர்த்துச் சுவர்களில் ஒட்டினார்கள். மழை ஓயாத நாட்டில் மாதர்க்கு அது ஒரு பொழுதுபோக்கு. அத்தகைய அறைகள் பல வீடுகளில் இருந்தன. அயர்லாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டு அறையாகச் சிதையாமல் எஞ்சியிருப்பது இதுவொன்றே. கல்லும் கூரையும் பட்ட பாட்டைப் பின்னர்ச் சொல்லப்போகிறோம்; பசையும் தாளும் தப்பியதை எண்ணி வியக்கலாம்.

மேல்மாடியில் பின்புறமாக 80 அடி நீளமுள்ள நெடுங்கூடம். 1770-களில் இதன் சுவர்களில் பாம்பேயி பாணியில் ஓவியம் தீட்டினார்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்நகரை 1748 முதல் அகழ்ந்தெடுத்ததால் எழுந்த புதுமோகம் அது. சுவர்களுக்குப் பொருத்தமாக வெனிஸின் மூரானோத் தீவிலிருந்து மூன்று கண்ணாடிச் சரவிளக்குகளை லூயிசா வரவழைத்தார். அவை வந்து சேர்ந்தபொழுது அவற்றின் நீலமும் சுவரின் நீலமும் ஒத்துவரவில்லை. அம்மையார் குறைப்பட்டுக்கொண்டார், ஆனாலும் மாட்டிவிட்டார். இன்றும் அவை அங்கேயே தொங்குகின்றன. அந்நெடுங்கூடத்தின் சாளரங்களினின்று வடக்கே நோக்கினால் வயல்களுக்கு அப்பால் தெரிவதுதான் பஞ்ச காலத்துத் தூபி.

இவ்வீட்டுக்குள் வரலாறு கதவைத் தட்டி வந்த காலமும் உண்டு. லூயிசாவின் தமக்கை மகன் எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு பிரபு 1798-ஆம் ஆண்டு எழுச்சியின் தலைவர்களுள் ஒருவர். பிடிபட்டபொழுது ஏற்பட்ட காயத்தோடு டப்ளின் சிறையில் கிடந்த அவரை, இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு லூயிசா போய்ப் பார்த்தார். அவர் கணவர் டாம் அரசாங்கத்தின் பக்கம் நின்றவர். 1800-இல் அயர்லாந்துப் பாராளுமன்றத்தையே ஒழித்து இங்கிலாந்தோடு இணைக்கும் சட்டத்தை ஆதரித்தவர். சபாநாயகர் கானலி எந்தச் சபையை நடத்தினாரோ அச்சபை அவர் வாரிசின் வாக்காலும் மறைந்தது. பியர்ஸ் கட்டிய பாராளுமன்றம் வங்கிக்கு விற்கப்பட்டது.

1821-இல் லூயிசா நோயுற்றார். புல்வெளியில் ஒரு கூடாரம் அடிக்கச் சொல்லி, தம் வீட்டைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டே அதில் உயிர்நீத்தார் என்று கூறுவர். உள்ளே படுத்திருந்தால் வீட்டின் முகம் தெரியாதன்றோ!

அதன்பின் நிகழ்ந்தவை அயர்லாந்தின் எல்லாப் பெரிய வீடுகளுக்கும் பொதுவானவை. 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சம் பத்து லட்சம் பேரைக் கொன்றது. அதைவிட மிகுதியான பேரைக் கடல் கடத்தியது. பிழைப்புக்காக ஊர் நீங்குவது இன்னதென்று அறிந்த நமக்கு, அக்கப்பல்களைப் பற்றி விரித்துரைப்பது மிகையாகும். குத்தகையாளர் போராட்டம் எழுந்தது. 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நிலங்கள் உழுதவர் கைக்கே பெரிதும் வந்து சேர்ந்தன. நிலம் போனபின் வீடுகளைப் பேண வருவாய் இல்லை. 1919 முதல் 1923 வரை நடந்த விடுதலைப் போரிலும் உள்நாட்டுப் போரிலும் ஏறத்தாழ 300 மாளிகைகள் தீக்கிரையாயின. காசில்டவுன் தப்பியது.

தீயினின்று தப்பியது விற்பனையினின்று தப்பவில்லை. 1965-இல் கானலியின் வழிவந்தவர்கள் மாளிகையை மனை வணிகர் ஒருவருக்கு விற்றார்கள். தட்டுமுட்டுகள் 1966-இல் ஏலம் போயின. இரண்டாண்டு காலம் வீடு காவலின்றிக் கிடந்தது. கூரையின் ஈயத்தகடு களவு போயிற்று, சாளரங்கள் உடைந்தன. அக்காலத்தில் அயர்லாந்தில் பலர், 'இவை அந்நியர் வீடுகள். இடிந்தால் நமக்கென்ன' என்று கருதியதுண்டு. நிலக் கணக்கை முன்னே சொன்னோமே, அதை அறிந்தவர் அவர்களைக் குறைகூறத் துணியார். ஆயினும் அச்சுவர்களில் கல் செதுக்கியவரும் சுண்ணம் பூசியவரும் சமையற்கட்டிலிருந்து உணவு சுமந்தவரும் அந்நாட்டு எளிய மக்களே. தூபியின் கல்லை ஏற்றியவர் பஞ்சத்தில் பிழைத்திருக்கக் கூலி பெற்றவர். வீடு கானலியின் பெயரால் நின்றாலும் கை அவர்களுடையது. இவ்வெண்ணம் மெல்ல மெல்லப் பரவத் தொடங்கியது.

1967-இல் டெஸ்மண்டு கின்னஸ் என்பவர் 93,000 பவுன் கொடுத்து மாளிகையையும் 120 ஏக்கர் நிலத்தையும் வாங்கினார். பழங்கட்டடங்களைக் காக்க 1958-இல் அவரும் அவர் மனைவியாரும் தொடங்கிய சங்கத்துக்கு அதுவே இருப்பிடமாயிற்று. தன்னார்வலர் பலர் வந்து தூசு துடைத்தார்கள், சுவர் பூசினார்கள், கதவுகளைத் திறந்துவைத்தார்கள். 1979-இல் ஓர் அறக்கட்டளை ஏற்றது; 1994-இல் அயர்லாந்து அரசு ஏற்றது. அதுமுதல் அரசின் பொதுப்பணி அலுவலகம் கூரையையும் சுதையையும் சீர்செய்து பேணி வருகிறது. பூங்காவில் பொதுமக்கள் கட்டணமின்றி உலாவலாம்.

ஆனால் அரசு ஏற்றது மாளிகையையும் அதனை ஒட்டிய நிலத்தையுமே. பழைய பண்ணையின் பெரும்பகுதி தனியார் கைகளிலேயே இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து மாளிகைக்கு வண்டிகள் வரும் வழியும் அந்நிலத்தின் ஊடே சென்றது. நிலம் கைமாறியதும், 2023 செப்டம்பரில் அவ்வழி மூடப்பட்டது. செல்பிரிட்ஜ் கடைத்தெரு முனையிலுள்ள பழைய வாயிலும் மரச்சாலையும் நடந்து வருவோருக்கு உரியவை. அவ்வழியே வண்டிகளை விடலாகாது என்று ஊரார் கூடினார்கள். பல மாதங்கள், மழையிலும் குளிரிலும், அவ்வாயிலில் முறைவைத்து நின்றார்கள். மாளிகையும் அதன் பண்ணையும் மீண்டும் ஒன்றாக வேண்டும், ஆற்றங்கரை வரை அனைத்தையும் அரசே வாங்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஒரு காலத்தில் அனுமதியின்றி உள்ளே கால்வைக்கக் கூடாதவர்களின் வழிவந்தவர்கள் அவர்களுள் பலர்.